நானூற்றுப் பன்னிரண்டின் மூக்கு

பெட்டியின் மேல்பலகையில் இருந்த பதினாறு திருகாணிகளையும் கழற்றி, பஞ்சு அடைப்பை விலக்கி, உள்ளே எட்டிப் பார்த்த ரோஸ்விதா கோப்கே முதலில் செய்த காரியம், பலகையை மறுபடி மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டதுதான்.

மூக்கு நேராக இருந்தது.

நேர் என்றால் ஒரு குறை சொல்ல முடியாத நேர். நெற்றியில் புறப்பட்டு உதட்டுக்கு மேல் வந்து நிற்கும்வரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாத மூக்கு. அந்தப் பளிங்குத் தலை இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் மண்ணிலும் மாளிகைகளிலும் கிடந்திருக்கிறது. காதில் ஒரு சில்லு போய்விட்டது, கழுத்து உடைந்துவிட்டது, தலைமுடி பாதி தேய்ந்துவிட்டது. பளிங்குத் தலைகளில் முதலில் போவது மூக்குதான் என்று முதல் ஆண்டு மாணவனுக்கும் தெரியும். இதில் அது மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது. நாசமாய்ப் போக, என்று ரோஸ்விதா வாய்விட்டே சொன்னாள்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பேராசிரியர் எக்பெர்ட் டீலமான் ஓய்வு பெறுகிறார். எர்லன்ஹோஃப் பல்கலைக்கழகத்தின் சிற்பக் கூடத்தில், நாடு முழுவதிலும் இருந்து வந்த தொல்லியல்காரர்கள் முன்னால், அவர் தன் கடைசி உரையை ஆற்றுவார். முடிவில் துணியை விலக்கி இந்தத் தலையைத் திறந்து வைப்பார். அந்த நொடியில் அவருடைய முப்பத்தேழு ஆண்டுப் புகழ் பொலபொலவென்று உதிரும். அது எப்படி உதிரும் என்று உலகத்திலேயே முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் ரோஸ்விதா. உதிரப்போகும் பொருளைச் செய்தவளே அவள்தான்.

எங்கள் சிற்பக் கூடத்தில் தொள்ளாயிரம் சிலைகள் உண்டு. அத்தனையும் பிளாஸ்டர். ஏதென்ஸில் ஒன்று, ரோமில் ஒன்று, கோபன்ஹேகனில் ஒன்று என்று சிதறிக் கிடக்கும் பளிங்குகளுக்கு அச்சு எடுத்து, வார்த்து, ஒரே கூரையின்கீழ் நிறுத்திவிட்டால் ரயில் ஏறாமலே கிரேக்கத்தை ஆராயலாம். நூற்றைம்பது ஆண்டுகளாக எங்கள் பேராசிரியர்கள் அப்படித்தான் ஆராய்கிறார்கள். அசலில் கறையும் கீறலும் வந்து கவனத்தைக் கெடுக்கும், பிளாஸ்டரில்தான் வடிவம் சுத்தமாகத் தெரியும் என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்கள்.

1967-இல் ரோஸ்விதாவுக்கு இருபது வயது. பிளாஸ்டர் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். ஏணியைத் திருப்பும்போது அதன் நுனி போய் நானூற்றுப் பன்னிரண்டாம் எண் தலையின் முகத்தில் இடித்தது. மூக்கு தரையில் விழுந்து மாவாகிப்போனது. அப்போது துறைத் தலைவராக இருந்த கிழவர் ஃபோன் ரெடன், ஒரு சிலையின் சுண்டுவிரலை உடைத்ததற்காக இவளுக்கு முன்னால் இருந்தவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். சுண்டுவிரலுக்கே அந்தக் கதி என்றால் மூக்குக்கு என்ன கதி?

அந்தத் தலையை எண்பது வருடமாக யாரும் நின்று பார்த்ததில்லை. அசல் எங்கோ அயர்லாந்தில் ஒரு பிரபுவின் வீட்டில் இருந்து, வீடு கைமாறி, காணாமல் போயிருந்தது. புகைப்படம் கிடையாது. மாதிரி பார்க்க ஒரே ஒரு மூக்குதான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம், கிழவர் கால்பந்து பார்க்கப் போயிருந்த நேரத்தில், ரோஸ்விதா வலது கையால் தன் மூக்கைத் தடவித் தடவி, இடது கையால் அதே மூக்கைப் பிளாஸ்டரில் செய்தாள். அவள் இடதுகைக்காரி. ஏழு வயதில் பனிச்சறுக்கு வண்டியில் இருந்து விழுந்ததில் அவள் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, நடுவில் சின்ன மேடு தட்டியிருந்தது. அதெல்லாம் அப்படியே வந்துவிட்டது. தேநீரில் தூசியைக் கலந்து பூசிப் பழைய நிறத்தையும் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை கிழவர் அதைக் கடந்து போனார்; தும்மினார்; போய்விட்டார்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அடுத்த மாதம் எக்பெர்ட் டீலமான் வந்து சேர்ந்தார்.

அவருக்கு அப்போது இருபத்தெட்டு. முனைவர் பட்டம் வாங்கியாயிற்று. பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் அது போதாது, தலையணை பருமனில் இரண்டாவதாக ஒரு நூல் எழுதியாக வேண்டும். அதற்கு விஷயம் தேடி, அளவெடுக்கும் பித்தளைக் காலிப்பரும் கையுமாகக் கூடத்தில் அலைந்துகொண்டிருந்தவர், நானூற்றுப் பன்னிரண்டுக்கு முன்னால் நின்றார். நின்றவர் ஒரு மணி நேரம் நகரவில்லை. பிறகு, பக்கத்தில் வாளியோடு இருந்த பெண்ணைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார்.

“இங்க ஒரு ஆள் இருக்கான்.”

அந்த ஆளைப் பற்றி அவர் எழுதிய நூல் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், ஊரோடு ஒத்துப்போகாமல், நேரான மூக்குகளின் காலத்தில் சாய்ந்த மூக்கு செதுக்கிய ஒரு மகா கலைஞன். பெயர் தெரியாததால் ‘மூக்குச் சிற்பி’ என்று பெயரிட்டார். இருபத்தொன்பது வயதுக்குள் அவரைப் பேச அழைக்காத ஊர் இல்லை. தேட ஆரம்பித்ததும் அதே சிற்பியின் கைவண்ணம் நேப்பிள்ஸில் ஒன்று, இஸ்தான்புல்லில் இரண்டு என்று மொத்தம் பதினோரு தலைகளில் தட்டுப்பட்டது. தேடுகிறவருக்குத் தட்டுப்படாத மூக்கு உண்டா? பேராசிரியர் பதவி வந்தது, அகாதெமி உறுப்பினர் பதவி வந்தது, மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘மூக்கு’ என்று கூப்பிடும் கௌரவமும் வந்தது. கூடவே ஒரு எதிரியும் வந்து சேர்ந்தார். ஹார்ட்முட் ஸ்ட்ரெக்கர் என்ற அந்த வடக்கத்திப் பேராசிரியர், அப்படி ஒரு சிற்பியே கிடையாது என்று முப்பது வருடமாக அடிக்குறிப்பு அடிக்குறிப்பாக எழுதிவந்தார். இவரும் அடிக்குறிப்பிலேயே பதில் கொடுத்தார். இரண்டு பேரும் நேரில் பார்த்தால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொள்வார்கள்.

ரோஸ்விதா ஏன் வாயைத் திறக்கவில்லை? முதலில் வேலை போய்விடுமே என்ற பயம். நூல் வெளிவந்த பிறகு, அவர் வேலை போய்விடுமே என்ற பயம். அதற்கப்புறம் இருநூற்றுப் பதினான்காம் பக்கம்.

அந்தப் பக்கத்தில் டீலமான் சிற்பியின் குணத்தை எழுதியிருந்தார். ‘இவன் இடதுகைக்காரன். இதை அவசரத்தில், யாருக்கோ பயந்துகொண்டு செய்திருக்கிறான். ஆனால் அவசரத்திலும் மட்டமாகச் செய்ய இவனுக்குக் கை வராது. பிடிவாதக்காரன். பட்டறையில் இவனை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். நகைச்சுவை உணர்வு உண்டு, வெளியே காட்டுவதில்லை.’ ரோஸ்விதாவின் கணவர் ஹோர்ஸ்ட் டிராம் ஓட்டினார். நல்ல மனிதர். சாகும்வரை மனைவியைப் பற்றி அவர் சொன்னது மொத்தம் இரண்டு வாக்கியம், அதில் ஒன்று அவள் போடும் காபியைப் பற்றியது. இப்படியிருக்க, ஒருவர் ஒரு பக்கம் முழுக்க அவளைப் பற்றி எழுதி அச்சில் போட்டிருக்கிறார். அவளுடைய பிரதியைக் கையில் எடுத்தால் தானாகவே அந்தப் பக்கத்தில்தான் திறக்கும். அதை இழக்க அவளுக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

இப்போது அந்த அயர்லாந்துத் தலை லண்டனில் ஏலத்துக்கு வந்தது; ஒரு அருங்காட்சியகம் அதை வாங்கியது. அங்கே சொல்லி, டீலமானுக்குப் பிரியாவிடைப் பரிசாக அதை ஒரு வாரம் இரவல் வாங்கிக் கொடுத்திருந்தவர் ஸ்ட்ரெக்கர். அவர் அசலைப் பார்த்திருக்கிறார். முதல் வரிசையில் இடம் கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு டீலமான் வழக்கம்போல் இரண்டு துண்டு பிளம்ஸ் கேக்கோடு பட்டறைக்கு வந்தார். முப்பத்தேழு வருடமாக வியாழக்கிழமை காபி அங்கேதான். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் தலைக்கு மேல் இருக்கும் பிளாஸ்டர் பாதத்தைப் பார்த்துப் பேசுவார்.

“ப்ரொஃபசர், பெட்டியைத் திறந்தேன்.”

“சொல்லாதீங்க. காதைப் பொத்திக்குவேன். நாளைக்கு எல்லாரோடயும் சேர்ந்துதான் பாக்கறதுன்னு இருக்கேன்.”

“மூக்கு நேரா இருக்கு.”

முள்கரண்டி பாதி வழியில் நின்றது. ஒரு கணம்தான். பிறகு வாய்க்குள் போனது.

“அப்ப அது பின்னாடி ஒட்டின மூக்கு. அந்தக் காலத்துல எந்தப் பிரபு வீட்டுத் தலைக்குத்தான் புது மூக்கு வைக்கல?”

“ஒட்டே கிடையாது. நெத்தியில ஒரு சாம்பல் ரேகை ஆரம்பிச்சு மூக்கு மேல ஓடி உதடு வரைக்கும் வருது. ஒரே கல்லு.”

“அப்ப வேற தலை.”

“காதுக்கு மேல ஏழு சுருள். நம்மதுலயும் ஏழு. தாடையில அதே பள்ளம்.”

“அப்ப ரெண்டு செஞ்சிருக்காங்க. ஒண்ணு நம்ம சிற்பி, இன்னொண்ணு எவனோ ஒரு கத்துக்குட்டி. இது இன்னும் நல்லதாப் போச்சே.” அவர் கை துடைக்கும் காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். “ஸ்ட்ரெக்கருக்குப் பதில் சொல்ல இதுவே ஒரு கட்டுரைக்குத் தாங்கும்.”

விட்டால் கேக் தீர்வதற்குள் இன்னொரு சிற்பி பிறந்துவிடுவான் என்று ரோஸ்விதாவுக்குத் தெரிந்தது.

“நானூத்திப் பன்னெண்டுக்கு மூக்கு வெச்சது நான்தான்.”

அவர் அவள் தலைக்கு மேல் இருந்த பாதத்தை இரக்கத்தோடு பார்த்தார். “ஃப்ராவ் கோப்கே, நான் போறேன்னு உங்களுக்கு வருத்தம். எனக்குப் புரியுது. அதுக்காக இப்படியா பேசறது.”

“அறுபத்தேழு ஜூன். ஏணி இடிச்சது.”

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒட்டினா ஒட்டின இடம் தெரியாது, ஒத்துக்கறேன். ஆனா அது ஒட்டு வேலை இல்ல. அந்த மூக்குல ஒரு ஆள் இருக்கான்.”

அவளுக்கு வந்ததே கோபம். முப்பத்தேழு வருடக் கோபம், இத்தனை நாள் எங்கே இருந்ததென்று அவளுக்கே தெரியவில்லை.

“இருக்கான் இல்ல, இருக்கா. உங்க காலிப்பரை எடுங்க.”

“எதுக்கு?”

“எடுங்கன்னு சொல்றேன்.”

அவர் சட்டைப் பையில் இருந்து பித்தளைக் காலிப்பரை எடுத்தார். அவள் நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றி, முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி உட்கார்ந்தாள். டீலமான் முதலில் விளையாட்டாகத்தான் குனிந்தார். காலிப்பரின் ஒரு முனையைப் புருவ நடுவிலும் மறு முனையை அந்தச் சின்ன மேட்டிலும் வைத்தார். எண்ணைப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். அந்த எண்ணை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

“இடப்பக்கம் திரும்புங்க.”

திரும்பினாள்.

“இப்ப வலப்பக்கம். கொஞ்சம் நிமிருங்க.”

அவர் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. இத்தனை வருடத்தில் அவர் அவள் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று ரோஸ்விதாவுக்கு உறைத்தது. அவர் கண்ணில் அன்று நானூற்றுப் பன்னிரண்டின் முன்னால் நின்றபோது இருந்த அதே பார்வை இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது, சிரிப்பும் வந்தது.

டீலமான் மெல்ல உட்கார்ந்தார். வெகு நேரம் காலிப்பரைத் திறந்து திறந்து மூடினார்.

“நீங்க இடதுகையா?”

“கேக்கை எந்தக் கையால சாப்பிடறேன்?”

அவர் தட்டைப் பார்த்தார். அதையும் அவர் அன்றுதான் பார்த்தார்.

“ஏன் சொல்லல?”

“முதல்ல பயம். அப்புறம் எரநூத்திப் பதினாலாம் பக்கம்.”

அவர் எழுந்தார், தொப்பியை எடுத்தார், போய்விட்டார். கேக்கில் பாதி தட்டிலேயே இருந்தது. டீலமான் கேக்கை மிச்சம் வைத்து ரோஸ்விதா பார்த்ததே இல்லை. நல்லது செய்கிறேன் என்று அந்த மனிதரைக் கொன்றேவிட்டேனோ என்று வீடு போகும் வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டே போனாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. சிலைகளுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் எல்லாம் நாற்காலி. முதல் வரிசையில் ஸ்ட்ரெக்கர், மடியில் கேள்வி எழுதிய சின்ன அட்டையோடு, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். மேடையில் இரண்டு பீடங்கள். ஒன்றில் நானூற்றுப் பன்னிரண்டு. மற்றதில் துணி போர்த்திய அசல். ரோஸ்விதா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், ஓடிப்போக வசதியான இடத்தில் இருந்தாள்.

டீலமான் வந்தார். கையில் உரைத்தாள் இல்லை. தன்னுடைய அந்தப் பழைய தடித்த நூலும், ஒரு சிவப்புப் பென்சிலும்தான் இருந்தன. உரை முடிவில் விலக்க வேண்டிய துணியை வந்ததும் வராததுமாக விலக்கினார். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவர் குனிந்து அந்த நேர் மூக்கை நிதானமாகப் பார்த்தார்.

“நல்ல மூக்கு,” என்றார். “இதைப் பத்தி எனக்கு எழுத ஒரு பக்கம்கூட இருக்காது.”

யாரோ இருமினார்கள். ஸ்ட்ரெக்கர் அட்டையை நிமிர்த்திப் பிடித்தார்.

“நண்பர் ஸ்ட்ரெக்கர் முப்பது வருஷமா ஒண்ணு சொல்லிட்டு வரார். கி.மு. அஞ்சாம் நூத்தாண்டுல மூக்குச் சிற்பின்னு ஒருத்தன் கிடையாதுன்னு. அவர் சொன்னது சரி. என்னோட அந்தப் பதினோரு தலையும் பதினோரு பேர் செஞ்சது. அதை யார் யார்னு கண்டுபிடிக்கற வேலையை அவருக்கே விட்டுடறேன், அவர் ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு.”

கேள்வி கேட்க வந்தவரிடம் பதிலைக் கொடுத்துவிட்டால் அவர் என்னதான் செய்வார்? ஸ்ட்ரெக்கர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நேத்து சாயங்காலம் உக்காந்து என் புத்தகத்தை முழுசாத் திருத்தினேன்,” என்றார் டீலமான். “தப்பான வரியை எல்லாம் இந்தச் சிவப்புப் பென்சிலால அடிச்சேன். முதல் அத்தியாயம் போச்சு. ரெண்டு போச்சு. மூணுல படம் மட்டும் தேறுது. நாலாவது அத்தியாயம் சிற்பியோட குணத்தைப் பத்தினது. அதுல இடதுகைன்னு எழுதியிருக்கேன். சரி. அவசரத்துல, யாருக்கோ பயந்து செஞ்சதுன்னு எழுதியிருக்கேன். நம்ம ஃபோன் ரெடனைத் தெரிஞ்சவங்க இங்க சில பேர் இருக்கீங்க, அதுவும் சரி. பிடிவாதம். நேத்து என் கண்ணாலயே பாத்தேன். இவன்னு இருந்த இடத்துல எல்லாம் இவள்னு மாத்தினேன். மத்தபடி அடிக்கறதுக்கு ஒரு வரி கிடைக்கல. அந்த ஆளைப் பத்தி நான் சொன்ன எதுவும் தப்பில்ல. தேதிதான் கொஞ்சம் தவறிடுச்சு. ரெண்டாயிரத்து நானூறு வருஷம்.”

கூடத்தில் முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. பிறகு பல பேர் கழுத்தைத் திருப்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதைக்கூட மன்னிச்சிடலாம்,” என்றார் டீலமான். குரல் கொஞ்சம் இறங்கியது. “ஒரு மூக்கைப் பாத்து அந்த ஆளோட மனசைச் சொன்னேன்னு ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்த ஆள் முப்பத்தேழு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை எனக்கு எதிர்லதான் உக்காந்து காபி குடிச்சிருக்காங்க. நான் நிமிந்து பாக்கல. அதுக்கு எந்தப் பென்சிலும் இல்ல.” அவர் கடைசி வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினார். “மூக்குச் சிற்பி, ஃப்ராவ் ரோஸ்விதா கோப்கே. 1967, எர்லன்ஹோஃப் பட்டறை.”

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. அங்கே அந்த மூக்கு இருந்தது. இடப்பக்கம் சாய்ந்து, நடுவில் சின்ன மேட்டோடு, சிவந்து போய். இப்போது யாருக்கும் காலிப்பர் தேவைப்படவில்லை.

எங்கள் பல்கலைக்கழகங்களில் கை தட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையைத் தட்டுவோம். அங்கே மேசை இல்லையே, ஆகையால் அவரவர் கைக்கு எட்டியதைத் தட்டினார்கள். நாற்காலி முதுகுகளைத் தட்டினார்கள், சன்னல் சட்டங்களைத் தட்டினார்கள். தொள்ளாயிரம் சிலைகளும் அதிர்ந்து மெல்லிய வெள்ளைத் தூசி கிளம்பியது. ரோஸ்விதா எழுந்து நின்றாள். ஒரு வார்த்தை பேசுங்கள் என்று யாரோ கேட்டார்கள். அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை எத்தனை தடவை படித்தாள் என்று சொல்ல வேண்டும். அதற்குள் அவள் கண் முதல் வரிசைக்குப் போனது. ஸ்ட்ரெக்கர் தோற்றதையும் ஜெயித்ததையும் மறந்து, பக்கத்தில் நின்ற ஒரு பிளாஸ்டர் தேவனின் பீடத்தை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஹெர் ஸ்ட்ரெக்கர், பீடத்தைத் தட்டாதீங்க,” என்றாள் மூக்குச் சிற்பி. “மூக்கு விழுந்துடும். அப்புறம் நான் உங்க மூக்கைத்தான் வெக்க வேண்டியிருக்கும்.”

கூடமே சிரித்தது. ஸ்ட்ரெக்கர் கையை எடுத்துவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தட்டல் ஓயவே வெகு நேரம் ஆயிற்று.

மேடையில் டீலமான் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக நூலைத் திறந்து, இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைத் தேடி எடுத்தார். ‘நகைச்சுவை உணர்வு உண்டு, வெளியே காட்டுவதில்லை’ என்ற வரியில் பின்பாதியை மட்டும் சிவப்புப் பென்சிலால் அடித்தார்.